ஒற்றைக் கண்ணில் மட்டும் மினுங்கியது

துளிமருந்து விடுவது எப்படி, அட்டை எழுதுவது எப்படி, பெரிய டொக்டர் எந்த நாளில் எரிச்சலோடு வருவார் என்பதையெல்லாம் புதிதாக வந்திருக்கும் தாதிமாரான உங்களுக்குச் சொல்லித்தர இந்தக் கண் கிளினிக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் இங்கே இருபத்தொன்பது வருசம் தாதியாக நின்று, கால் வீங்கி, ஓய்வில் போனவள். என்னைக் கூப்பிட்டுக் கதைக்கச் சொன்னால் நான் கெட்டிக்காரியாக இருந்த நாட்களைச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியும் சில நாட்கள் இருந்தன. அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். அந்தப் பிழை பதினேழு நாள் நீண்டது.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருசம் ஆகியிருந்தது. கற்பிட்டி வீதியில் ஒரு கிராமம். தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த முஸ்லிம் சனங்கள் இருபது வருசமாகக் குடியிருக்கும் இடம். அங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் ஒருநாள் நடமாடும் கண் கிளினிக் போட்டோம். தகரக் கூரை, பதினொரு மணி வெயில், விடியக்காலையில் இருந்து நின்ற வரிசை. டொக்டர் உள்ளே இருந்தார். வாசலில் மேசை போட்டு, யாரை உள்ளே அனுப்புவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று பிரிப்பது என் வேலை. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் இருந்தது. ஆள் நடந்து வருகிற விதத்தை வைத்தே கண்ணில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த காலம்.

அந்த வரிசையில் பரீனா வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் பிள்ளை, ஸஹ்ரா. பிள்ளை என்னுடைய பேனையை எட்டிப் பிடித்து இழுத்தது.

"மிஸ்ஸி, இவட ஒரு கண்ணு மினுங்குது."

"பிள்ளையளின்ட கண் மினுங்கத்தானே வேணும். மினுங்காட்டித்தான் என்னட்ட வரோணும்," என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

"அப்படியில்ல மிஸ்ஸி. பொழுதுபட்டு வெளக்குப் போடுற நேரம், பூனைக்கண்ணு மாதிரி. என்ட மாமி நசீபு, நல்ல அதிர்ஷ்டம் எண்டு சொல்றா. எனக்கெண்டா பயமா இருக்கு."

சொல்லிவிட்டுத் தன் ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பெருநாளைக்கு எடுத்த படம். புதுச் சட்டையும் தொப்பியும் போட்ட பிள்ளை, ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு ஒரு கண் சிவப்பாக, மற்றது வெள்ளையாக. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. கையில் வாங்கிப் பார்த்தேன்.

"ஃபிளாஷ் போட்டா பேய்க்கும் கண் மினுங்கும். இது ஃபோனின்ட பிழை பிள்ளை," என்று திருப்பிக் கொடுத்தேன். பேச்சுக்கு டோர்ச்சை எடுத்து, அந்த வெயிலில், பக்கவாட்டில் இருந்து இரண்டு கண்ணுக்கும் அடித்துப் பார்த்தேன். கண்மணி கடுகளவு சுருங்கிக் கறுப்பாக இருந்தது. பதிவேட்டில் 'குறை இல்லை' என்று எழுதினேன்.

"அப்ப ஒண்டும் இல்லையா மிஸ்ஸி?"

"ஒண்டும் இல்லை. போய்ப் பிள்ளைக்கு மீனும் கீரையும் குடு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். முகம் அப்படியே இளகிப்போனது. பிள்ளையின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

ஒன்பது நாள் நான் நிம்மதியாகச் சாப்பிட்டு நித்திரை கொண்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஒன்பதாம் நாள் பின்னேரம் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பொழுது படுகிற நேரம், கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டில் ஒரு பூனை இருந்தது. சூடை மீன் என்றால் உயிரை விடும், அதனால் சூடை என்றே பெயர். அது வாங்குப் பலகைக்குக் கீழே பதுங்கியிருப்பது தெரியும், ஆனால் ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஃபோன் டோர்ச்சைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். இரண்டு பச்சை விளக்கு எரிகிற மாதிரிப் பூனையின் கண்கள் பற்றிக்கொண்டன. டோர்ச்சை அணைத்தேன், அவையும் அணைந்தன. திரும்பவும் போட்டேன், திரும்பவும் எரிந்தன.

"கள்ளி, ரெண்டு கண்ணாலயும் முழிக்கிறாய்," என்று ஏசினேன். ஏசிய வாய் மூடவில்லை. இரண்டு கண்ணும். பூனைக்கு இரண்டு கண்ணும் மினுங்கும். அந்தப் பெட்டை 'ஒரு கண்ணு' என்றல்லவா சொன்னாள்?

பூனைக்கண் மினுங்குவது ஏனென்று நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் படித்தவள்தான், படித்தது தேவைப்பட்ட நேரத்தில் கைகொடுக்கவில்லை. பூனையின் கண் தானாக வெளிச்சம் விடுவதில்லை. கும்மிருட்டில் அதற்கும் மினுக்கம் கிடையாது. கண்ணுக்குப் பின்புறம், பார்வையைப் பிடிக்கிற விழித்திரை இருக்கிறதே, அதற்கும் பின்னால் பூனைக்கு ஒரு பளபளப்பான படலம் இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கிற பூச்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன வெளிச்சத்தில் விழித்திரை முதல்தரம் பிடிக்காமல் விட்டதை அந்தப் படலம் திருப்பி அடிக்கிறது; விழித்திரைக்கு இரண்டாம்தரம் பிடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. அதனால்தான் பூனை மங்கலிலும் எலி பிடிக்கிறது. இரண்டாம்தரமும் பிடிபடாமல் வெளியே வருகிற மிச்சம்தான் நாம் பார்க்கிற மினுக்கம். அது வந்த வழியே திரும்பிப் போவதால், டோர்ச்சை நம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். நல்ல வெயிலில் பூனையின் கண்மணி கீறலாகச் சுருங்கிவிடும், அப்போது மினுக்கத்தையும் காணமுடியாது.

மனிசருக்கு அந்தப் படலமே இல்லை. நம் கண்ணின் பின்சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. ஃபிளாஷ் அடித்தால் உள்ளே இருக்கிற இரத்தத்தின் சிவப்புத்தான் தெரியும். அப்படியிருக்க, ஒரு பிள்ளையின் ஒற்றைக் கண்ணில் மட்டும் வெள்ளையாக மினுங்கினால், அங்கே இருக்கக்கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது. சில வேளை அது கண்புரை. சில வேளை அது விழித்திரையில் வளர்கிற புற்றுக்கட்டி. அது கண்ணோடு நிற்காது. நரம்பு வழியாக மூளைக்குப் போகும். பிள்ளை போய்விடும்.

மாதாவே, நான் என்ன செய்துவிட்டேன்? மீன் செதிலோடு கையை வைத்துக்கொண்டு குசினியில் குந்திவிட்டேன். சூடை வந்து அரைவாசி மீனைத் தூக்கிக்கொண்டு போனது, விரட்டவும் தோன்றவில்லை.

அடுத்தநாள் காலையில் டொக்டரிடம் சொன்னேனா? இல்லை. பயம். முதலில் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். பதிவேட்டைப் புரட்டினேன். ஃபோன் நம்பர் எழுதவில்லை. விலாசத்தில் மன்னார்ப் பக்கக் கிராமம் ஒன்றின் பெயர் இருந்தது. அந்தச் சனங்கள் அப்படித்தான். இருபது வருசம் புத்தளத்தில் இருந்து பிள்ளை பெற்றாலும் விலாசம் கேட்டால் விட்டுவந்த கிராமத்தைத்தான் எழுதுவார்கள். எழுதாவிட்டால் அங்கே இருக்கிற காணியும் பெயரும் போய்விடும் என்ற பயம். அது தெரிந்த நான், 'இப்ப எங்க இருக்கிறீங்க' என்று ஒரு வரி கூடக் கேட்கவில்லை.

லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கிராமத்தில் ஐந்தாறு பரீனாக்கள் இருந்தார்கள். நேரே பள்ளிவாசலுக்குப் போய், சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு வாசலில் நின்றேன். தொழுகைக்கு பாங்கு சொல்கிற மோதினார் வந்தார். ஸ்பீக்கரில் பிள்ளையின் பெயரைச் சொல்லி அறிவிக்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "பேரச் சொல்லிக் கூப்பிட்டா சனம் கதறிக்கிட்டு ஓடி வரும் மிஸ்ஸி. எங்கட ஸ்பீக்கர்ல ஒரு ஆள்ட பேர் வாறது மௌத்துக்கு மட்டும்தான்."

ஸஹ்ரா என்ற பெயர் அந்த ஸ்பீக்கரில் மரணச் செய்தியாக வருவதை மனம் ஒருதரம் கேட்டுவிட்டது.

"அப்ப பேர் வேண்டாம். கண் கிளினிக்குக்கு வந்த சின்னப் பிள்ளையள் எல்லாரையும் மஃரிபுக்குப் பிறகு கொண்டுவரச் சொல்லுங்கோ. திரும்ப ஒருக்காப் பார்க்க வேணும் எண்டு சொல்லுங்கோ."

"பொழுதுபட்ட பொறகா? வெளிச்சம் இருக்காதே."

"வெளிச்சம் இல்லாமத்தான் பார்க்கோணும்."

மதரசா அறையில் லைட்டை அணைத்து, கதவைச் சாத்தி, உம்மாமாரின் மடியில் வைத்தே ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்தேன். கண்ணுக்குள் பார்க்கிற விளக்கை கிளினிக்கில் இருந்து கொண்டுபோயிருந்தேன். எல்லாக் கண்ணிலும் நல்ல சிவப்பு. ஒவ்வொரு சிவப்பையும் கண்டு ஒரு மூச்சு விடுவேன், அடுத்த பிள்ளை வரும்போது அது திரும்ப அடைத்துக்கொள்ளும். கடைசிப் பிள்ளையும் முடிந்தது. பரீனா வரவில்லை.

"எந்தப் பரீனா? பூனைக்கண்ணுப் புள்ளட உம்மாவா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் பரீனாவின் பக்கத்து வீட்டுக்காரி. "அவங்க ஊருக்குப் போய்ட்டாங்களே மிஸ்ஸி. போன கிழமை லொறியில சாமான் எல்லாம் ஏத்திட்டுப் போனாங்க. புள்ளட கண்ணைக் காட்டிட்டுத்தான் போவேன் எண்டு பரீனா ஒரே புடியா நிண்டது. நீங்க ஒண்டுமில்ல எண்டு சொன்ன பொறகுதான் மனம் ஆறிச்சு."

கேட்டீர்களா? அவளை அனுப்பி வைத்தது என் வாய்.

பரீனாவின் கணவனின் நம்பர் கிடைத்தது. அவர்கள் திரும்பிப் போன மன்னார்க் கிராமத்தில் குளத்துக்கட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். இரண்டு நாள் அடித்து அடித்து, பன்னிரண்டாம் நாள் பரீனாவே எடுத்தாள்.

"மிஸ்ஸி, நீங்கதானே ஒண்டும் இல்ல எண்டு சொன்னீங்க?"

"ஓம். நான் பிழையாச் சொல்லிட்டன்."

"பிழையெண்டா? எவ்வளவு பிழை?"

பிள்ளைகளே, இப்படி ஒரு கேள்விக்கு ஃபோனில் பதில் சொல்லும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. நோயின் பெயரைச் சொன்னால் குளத்துக்கட்டிலேயே விழுந்துவிடுவாள். சும்மா ஒருதரம் காட்டு என்றால் வரமாட்டாள். "வந்து காட்டினாத்தான் தெரியும். இண்டைக்கே வெளிக்கிடு," என்றேன்.

"வீட்டுத் திட்டத்துக்கு ஞாயித்துக்கெழமை பார்க்க வாறாங்க. ஆள் இல்லாட்டிப் பேரை வெட்டிருவாங்க. திங்கள் வாறோமே?"

"வெட்டினா வெட்டட்டும்!" என்று கத்திவிட்டேன். கத்தியதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இருபது வருசம் காத்திருந்து திரும்பிப் போனவளிடம் சொல்கிற பேச்சா அது? குரலைத் தாழ்த்தி, உள்ளதைச் சொன்னேன். "பரீனா, எனக்குக் கண்ணைப் பற்றி மட்டும் பயமில்லை. பிள்ளையின்ட உயிருக்குப் பயப்படுறன்."

"அல்லாஹ்வே," என்றாள். ஃபோன் அறுந்துவிட்டது.

பிறகு மழை பிடித்தது. பதினாலாம் நாள் காட்டு வழியால் பஸ்ஸில் புறப்பட்டு எலுவன்குளம் வரை வந்தார்கள். அங்கே தாழக் கட்டிய சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் ஆற்று வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. பஸ் திரும்பிவிட்டது. அக்கரையில் இருந்து பரீனா எடுத்தாள். தண்ணீர் இரைச்சலில் அவள் பேச்சு பாதிதான் கேட்டது. இந்தக் கரையில் இருந்து கிளினிக்குக்கு ஒரு மணித்தியால ஓட்டம், ஆனால் ஆற்றைக் கடக்க வழியில்லை. மன்னாருக்குத் திரும்பிப் போய், அனுராதபுரத்தால் சுற்றி வரச் சொன்னேன். அந்த வழியிலும் இடைக்கிடை வெள்ளம் மறித்தது. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டது பாணும் தேத்தண்ணியும்தான். மழை கொஞ்சம் விட்டால் நிம்மதி வரும், திரும்பப் பெய்தால் வாசலில் போய் நிற்பேன்.

பதினேழாம் நாள் காலையில் வந்து சேர்ந்தார்கள். பெரிய டொக்டர் அன்று கொழும்பில். கிளினிக்கில் இருந்தது இளம் சிங்கள டொக்டர் ஒருவர். தமிழ் தட்டுத்தடுமாறிக் கதைப்பார், நல்ல மனிதர். பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். பரீனாவிடம் கேட்டார்: "இது எப்ப இருந்து?"

பரீனா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போன கிழமைதான் டொக்டர். கதவு நிலையில அடிபட்டுச்சு. அதுக்குப் பொறகுதான் கண்டோம்."

அடிபட்டது உண்மை. அந்தப் பக்கம் பார்வை இல்லாததால் அடிபட்டிருக்கிறது. ஆனால் டொக்டருக்குக் கதை வேறு மாதிரி விளங்கியது. அடிபட்டு வந்த கண்புரையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே துளிமருந்து எழுதத் தொடங்கினார். இரண்டு கிழமை கழித்துப் பெரிய டொக்டரிடம் காட்டட்டும் என்றார்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் திருப்பி அனுப்பியது யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பெண் எனக்காக மறைக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். டொக்டரின் பேனை பாதி வரி ஓடிவிட்டது. ஸஹ்ரா அந்தப் பேனையைப் பிடுங்கக் கையை நீட்டினாள். நேரே முன்னால் இருந்த பேனைக்கு ஒரு சாண் தள்ளிக் கை வெறும் காற்றைப் பிடித்தது. அன்றைக்கு என் மேசையில் என்னுடைய பேனையைச் சரியாகப் பிடித்த கை.

"டொக்டர், எழுதாதீங்கோ," என்றேன். "இது போன கிழமை வந்ததில்லை. பெருநாளுக்கே இருந்தது. நடமாடும் கிளினிக்கில என்னட்ட கொண்டுவந்து காட்டினவ. நான்தான் ஒண்டுமில்லை எண்டு அனுப்பினன். பரீனா, அந்தப் படத்தைக் காட்டு."

டொக்டர் படத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது. சிங்களத்தில் என்னை ஏசத் தொடங்கினார். கதவு திறந்திருந்தது, வெளியே வரிசை முழுக்கக் கேட்டது. ஒரு சொல்லும் அநியாயமில்லை. பரீனாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவள் எழும்பி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏசாதீங்க டொக்டர். எங்களத் தேடி வந்தது இவங்கதான்."

அவர் துளிமருந்துத் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொழும்புக்கு ஃபோன் எடுத்தார். அன்று மத்தியானமே அம்புலன்ஸில் போனார்கள். கட்டிதான். கண்ணை எடுக்கவேண்டி வந்தது. மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள், பிள்ளையின் தலைமயிர் எல்லாம் கொட்டி முளைத்தது. உயிர் தப்பியது. என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். பதினேழு நாள் முந்தி வந்திருந்தால் கண்ணையும் காப்பாற்றியிருக்கலாமா என்று பெரிய டொக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது மிஸ்," என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் மிச்ச வருசங்கள் வேலை செய்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு தாய் வந்து 'பூனைக்கண்ணு மாதிரி' என்றால் பகிடி விடாதீர்கள். கதவைச் சாத்தி லைட்டை அணையுங்கள். ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்று கேளுங்கள். அவள் இருட்டில் கண்டதை நீங்கள் வெயிலில் நின்றுகொண்டு இல்லையென்று சொல்லாதீர்கள். பிழை விட்டால், அதை மறைக்க நோயாளியே உதவிக்கு வருவார். எங்கள் சனம் அப்படி இரக்கமான சனம். அந்த உதவியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

நான் ஓய்வில் போன வருசம் பரீனா ஸஹ்ராவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைக்கு ஏழு வயது. செயற்கைக் கண் போட்டிருந்தது, சட்டென்று பார்த்தால் தெரியாது. ஏன் அன்றைக்கு டொக்டரிடம் பொய் சொன்னாய் என்று பரீனாவிடம் கேட்டேன். "உங்கட வேலை போயிரும் எண்டு பயந்திட்டேன் மிஸ்ஸி," என்றாள். தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் வேலைக்குப் பயந்திருக்கிறாள். நான் குசினிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பொழுது பட்டுவிட்டது. கிழட்டுச் சூடை வாங்குக்குக் கீழே படுத்திருந்தது. ஸஹ்ரா உம்மாவின் ஃபோன் டோர்ச்சைப் போட்டு எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, இதுக்கு ஏன் இப்படி மினுங்குது?" என்று கேட்டாள். உங்களுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். உள்ளே ஒரு கண்ணாடி மாதிரி இருக்கு, அதனால்தான் பூனைக்கு இருட்டிலயும் நல்லாத் தெரியும் என்றேன்.

அவள் டோர்ச்சை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் மினுங்கினதாம், உம்மா சொன்னா. அப்ப எனக்கும் இருட்டில நல்லாத் தெரிஞ்சதா?"

பரீனா சீலையைச் சரிசெய்கிற சாட்டில் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"இல்லை ராசாத்தி. உனக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது. அது எனக்குத்தான் தெரிஞ்சிருக்க வேணும்."